வெற்றிலைக் கொடியைக் கொல்வது பூஞ்சை அல்ல

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அய்யம்பேட்டை, ராஜகிரி, பாபநாசம், திருவையாறு எனக் காவிரிப் படுகைக் கொடிக்கால்களில் விளையும் வெற்றிலை அது. நம் வீட்டு நிக்காஹ் தாம்பாளங்களிலும் இருப்பது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொடிக்காலில் தண்ணீர் தேங்கினால், பச்சையாக நின்ற கொடி சில நாட்களில் துவண்டு காய்ந்துவிடுகிறது. மண்ணை ஒட்டிய தண்டு கறுத்து அழுகியிருக்கும். இதைத்தான் வாடல் நோய் என்கிறோம்.

காரணம் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர். கிரேக்கத்தில் 'செடியை அழிப்பது' என்று பொருள். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும்பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதன் இனத்தில் ஒன்றுதான். (அந்தப் பஞ்சத்துக்கு உதுமானிய சுல்தான் அப்துல் மஜீத் 1,000 பவுண்டு அனுப்பிய செய்தி நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும்.)

நூல் நூலாக வளர்வதால் பார்ப்பதற்கு இது பூஞ்சை போலிருக்கும். ஆனால் பூஞ்சையின் செல்சுவரில் இருப்பது கைட்டின்; இதன் சுவரோ பெரும்பாலும் செல்லுலோஸ் வகை. உறவு முறையில் கடலின் பழுப்புப் பாசிகளுக்குத்தான் இது நெருக்கம். தேங்கிய நீரில் இதன் வித்துகள் நீந்திச் சென்று வேரைப் பற்றும். அதனால்தான் இவ்வகை உயிர்களுக்கு நீர்ப்பூசணம் என்று பெயர்.

இந்த வேறுபாடு ஏட்டுச் சமாச்சாரம் அல்ல. கடையில் 'பூஞ்சை மருந்து' என்று கேட்டு வாங்கும் கார்பென்டாசிம் நீர்ப்பூசணத்தை ஒன்றும் செய்யாது. மெட்டலாக்சில் இதைத் தாக்கும், உண்மையான பூஞ்சையைத் தாக்காது. ஆளை அறியாமல் மருந்தடித்தால் பணமும் போகும், கொடியும் போகும்.

ஆளை அறிவது எளிதாகவும் இருந்ததில்லை. 1913-இல் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் ஜே. எஃப். தஸ்தூர், ஆமணக்கில் கண்டதைப் புதிய இனமாக அறிவித்து பைட்டோப்தோரா பாரசிட்டிகா என்று பெயரிட்டார். வெற்றிலையில் கண்டதை அதன் கிளை வகையாக வைத்தார். இந்தோனேசியப் புகையிலையில் கண்டு 1896-இலேயே பெயரிடப்பட்ட நிக்கோடியானே என்ற இனமும் இதுவும் ஒன்றே என்று பின்னாளில் முடிவாயிற்று. முந்திய பெயரே நின்றது. நல்ல ஆய்வாளரின் பெயர் அழிந்ததே என்று வருந்தலாம். ஆனால் ஒரே எதிரி பல பயிர்களில் உலவுகிறது என்பது அதனால்தான் தெளிவாயிற்று.

எதிர்மாறாகவும் நடக்கிறது. நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரிந்தவை, மரபணுவை ஒப்பிட்டபோது வெவ்வேறு இனங்களாகப் பிரிந்தன. 2000 வாக்கில் சுமார் 60 ஆக இருந்த பைட்டோப்தோரா இனங்கள் இன்று 200 அளவுக்கு வந்துவிட்டன.

பிடிக்கும் முறை தூண்டில் போடுவதுதான். நோய்கண்ட இடத்து மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மேலே இலைத் துண்டுகளை மிதக்கவிடுவார்கள். நீந்திவரும் வித்துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஆய்வுக்குக் கொடுக்கும்போது, முழுதும் காய்ந்த கொடியைவிட இப்போதுதான் வாடத் தொடங்கிய கொடியை வேரோடும் ஈரமண்ணோடும் எடுத்துச் செல்லுங்கள்.