கைகள் சேர்ந்தால் கல்லா நிறையும்

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், ஆருத்ரா தரிசனம் வந்தால் மளிகைக் கடையில் கூட்டம் நெரியும். சீட்டு எழுதுபவர், எடை போடுபவர், கட்டுப் போடுபவர் கைகோத்தால்தான் சரக்கு நகரும்.

எனவே, புதிய ஆளை ஒரு வாரம் கூலி கொடுத்து நிறுத்திப் பாருங்கள். பக்கத்து ஆள் திணறும்போது தானாகப் போய் உதவுகிறாரா? பழைய ஆட்களையும் கேளுங்கள்.

கடலூரில் எங்கள் மண்டியில் எடை குறைந்தால் ஆளைத் திட்டுவதில்லை. எங்கே தவறியது என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். தீபாவளி இனாமும் எல்லோருக்கும் உண்டு.

கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழகத்தில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. ஒரு முக்காலிக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். பழகிய ஆள் போனால் வாடிக்கையும் அவரோடு போய்விடும்!