1,850 முன்னிலை, 11 மாதத்தில் தலைகீழ்: கருத்துக்கணிப்பு தோட்டத்து மனதை எட்டுகிறதா?

பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பெஸ்தாரி ஜெயா என்ற புதுப்பெயர் வந்த 2007ஆம் ஆண்டில்தான் ஈஜோக் சட்டமன்ற இடைத்தேர்தலும் வந்தது. மஇகாவின் டத்தோ கே.சிவலிங்கம் காலமானதால் ஏப்ரல் 28ஆம் தேதி வாக்களிப்பு நடந்தது. மஇகா வேட்பாளர் கே.பார்த்திபன் 1,850 வாக்கு பெரும்பான்மையில் வென்றார். தோற்றவர் பிகேஆரின் டான்ஶ்ரீ காலிட் இப்ராஹிம். ஒரு காலத்தில் கத்ரி தோட்ட நிறுவனத்தை வழிநடத்தியவர்.

அன்று இந்த வட்டாரத்து ஒட்டுக்கடையில் யாரைக் கேட்டாலும், "இங்கே தேசிய முன்னணியை அசைக்க முடியாது" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் 2008 மார்ச் 8ஆம் தேதி பொதுத்தேர்தலில் அதே ஈஜோக்கில் அதே காலிட் வென்று, சிலாங்கூரின் மந்திரி பெசாராகவும் ஆனார். இடையில் ஓடியது 11 மாதங்கள்கூட இல்லை.

அந்த இடைவெளியில் நடந்தவை பலருக்கும் நினைவிருக்கும். அக்டோபர் 30ஆம் தேதி ஷா ஆலாம், பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் உடைக்கப்பட்டது. நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணி. டிசம்பர் 13ஆம் தேதி அதன் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார்கள். அந்த டிசம்பரில் மெர்டேக்கா மையம் நடத்திய கணிப்பில், பிரதமர் அப்துல்லா படாவிக்கு இந்தியர்களிடையே இருந்த ஆதரவு சில வாரங்களிலேயே ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அரசியல்வாதிகள் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்ச்சில் சுங்கை சிப்புட்டில் மஇகா தலைவரே தோற்றபோதுதான் உறைத்தது.

ஆக, கருத்துக்கணிப்பு எல்லாம் வெறும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்காக அது சொல்லும் ஒவ்வோர் எண்ணையும் அப்படியே நம்பவும் கூடாது. எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்பது கணக்கிலேயே இருக்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அந்தப் பழமொழி பலிக்கும். ஆயிரம் பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பாரபட்சமின்றித் தேர்ந்தெடுத்துக் கேட்டால், நாடு முழுவதற்குமான விடை கூடக்குறைய 3 விழுக்காட்டுக்குள் அமையும். வாக்காளர் ஒரு கோடியாக இருந்தாலும் இரண்டு கோடியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆனால் அந்த ஆயிரம் பேரில் இந்தியர்கள் எத்தனை பேர்? மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால் 70 பேர் அளவில்தான். 70 பேரை வைத்துச் சொல்லும் எண்ணில் பிழை கூடக்குறைய 12 விழுக்காடு வரை போகும். "இந்தியர் ஆதரவு 5 விழுக்காடு உயர்ந்தது" என்று ஒரு தலைப்புச் செய்தி வந்தால், அது உயர்வாகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். 2007 டிசம்பர் சரிவு வேறு ரகம். 12 விழுக்காட்டுப் பிழையைக் கழித்தாலும் மிச்சம் இருந்த பெரிய வீழ்ச்சி அது.

அந்த 70 பேரில் தோட்டத்தில் வசிப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ண ஒரு கையே போதுமாக இருக்கும். காலையில் செம்பனைக் குலை வெட்டப் போனவர் கைப்பேசியை எடுக்கமாட்டார். மாலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், மோசடிக் கும்பலோ என்று பயந்து எடுப்பதில்லை. அப்படியே எடுத்தாலும், குடியிருக்கும் வீடும் செய்யும் வேலையும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும்போது முகம் தெரியாதவரிடம் மனதைத் திறக்க யாருக்குத் துணிவு வரும்? "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். தன் கருத்து சிறுபான்மை என்று நினைப்பவர் வாய் மூடிக்கொள்வதும், அதனால் அந்தக் கருத்து இருப்பதைவிடச் சிறிதாகத் தெரிவதும், அதைப் பார்த்து இன்னும் சிலர் மௌனமாவதும் ஒரு சுழல். எலிசபெத் நோயெல்-நோய்மன் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இதற்கு 'மௌனச் சுழல்' என்றே பெயர் வைத்தார். தோட்ட லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் நடத்த வேண்டியதில்லை.

கருத்து எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் ஒருவர் தேடிப் பார்த்திருக்கிறார். 1940ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் ஆய்வு செய்தார்கள். வானொலியும் பத்திரிகையும் மக்களை நேரடியாக மாற்றுவதைவிட, அவற்றைக் கவனித்துவந்து பிறருக்குச் சொல்லும் அக்கம்பக்கத்து மனிதர்களே அதிகம் மாற்றுகிறார்கள் என்று கண்டார்கள். தோட்டங்களில் அந்த இடத்தில் மண்டோர், கோயில் தலைவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தமிழ் நேசன் வாங்கிப் படித்தவர் என்று சிலர் இருந்தார்கள். தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. இப்போது அந்த வேலையில் பெரும்பகுதியைப் புலனக் குழுக்கள் செய்கின்றன.

அந்தக் குழுக்களிலேயே "யாருக்கு உங்கள் ஓட்டு?" என்ற வாக்கெடுப்பும் சுற்றுகிறது. ஆயிரக்கணக்கானோர் அழுத்தினாலும் அதற்கு மதிப்பில்லை. காரணம் 1936லேயே தெரிந்துவிட்டது. லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்க இதழ் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை எண்ணி, லேண்டன் வெல்வார் என்றது. 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலைப் பார்த்து அனுப்பிய அட்டைகள் அவை. வறுமையில் இருந்தவன் அந்தப் பட்டியலில் இல்லை. அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார்.

முறையாகச் செய்பவர்களும் சறுக்குவார்கள். 2018 மே 8ஆம் தேதி, வாக்களிப்புக்கு முதல் நாள், தேசிய முன்னணிக்கு 100, நம்பிக்கைக் கூட்டணிக்கு 83, பாஸுக்கு 2, இழுபறி 37 என்றது மெர்டேக்கா மையம். தேசிய முன்னணிக்குக் கிடைத்தது 79. பாஸுக்கு 18. இத்தனைக்கும் பாஸ் கட்சியின் வாக்கு விழுக்காட்டை மையம் ஏறக்குறைய சரியாகவே கணித்திருந்தது. மும்முனைப் போட்டியில் ஓட்டுகள் எந்தத் தொகுதியில் குவியும் என்பதுதான் பிடிபடவில்லை. பாஸுக்கு ஓரிடம்கூடக் கிடைக்காது என்று சொன்ன இன்வோக் நிறுவனமோ, ஆட்சி மாறும் வாய்ப்பை மட்டும் சரியாகப் பார்த்திருந்தது.

2022 பொதுத்தேர்தலுக்கு முன்பே 18 வயதில் வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் வந்துவிட்டன. வாக்காளர் பட்டியல் 1 கோடியே 49 லட்சத்திலிருந்து 2 கோடியே 11 லட்சமானது. அதற்கு முன் ஓட்டே போட்டிராத பல லட்சம் பேரின் பழக்கத்தை எதை வைத்துக் கணிப்பது? கோலசிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் டாக்டர் சுல்கிப்ளி அஹ்மாட், நிதியமைச்சராக இருந்த தெங்கு சப்ருலை வென்றது வெறும் 1,002 வாக்குகளில். ஒரு தேசியக் கணிப்பில் மொத்தமாகக் கேட்கப்படுபவர்களே ஏறக்குறைய அத்தனை பேர்தான். 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்த தொகுதியில் வித்தியாசம் ஒன்றரை விழுக்காடுகூட இல்லை என்றால், 3 விழுக்காட்டுப் பிழை கொண்ட எந்தக் கணிப்பாலும் வெற்றியாளரைச் சொல்லியிருக்க முடியாது. ராவாங்கிலோ சுங்கை பூலோவிலோ குடியேறியும் அடையாள அட்டையில் பழைய தோட்ட முகவரியை மாற்றாதவர்கள் அன்று ஊர் திரும்பினார்களா இல்லையா என்பதே 1,002 வாக்குகளைப் புரட்டப் போதுமானது.

2024 மே 11ஆம் தேதி கோலகுபு பாரு இடைத்தேர்தலின்போது, இந்தியர்கள் புறக்கணிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வலம் வந்தது. ஜசெக 3,869 வாக்கு பெரும்பான்மையில் வென்றது. வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 61 விழுக்காட்டினர். வராதவர்களில் கோபத்தில் வீட்டில் இருந்தவர் எத்தனை பேர், வெளியூரில் வேலைக்குப் போனவர் எத்தனை பேர் என்று வாக்கு எண்ணிக்கை பிரித்துக் காட்டாது. அதற்கு வராதவரையே தேடிப்போய்த் தமிழில் கேட்க வேண்டும். அதுவும் 70 பேரை அல்ல, சில நூறு பேரை.