இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரு முகவரி

கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் வீட்டு எண் பெரிதாகத் தேவைப்படவில்லை. பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதினால் கடிதம் தோட்ட அலுவலகத்திற்கு வந்துவிடும். எந்த லயத்தில் யார் குடியிருக்கிறார் என்பது கிராணிக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, பல குடும்பங்கள் பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் போன்ற பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தன.

புது வீட்டுச் சாவி கிடைக்கும்வரை அத்தை வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ சில மாதம் தங்குவது நம்மிடையே வழக்கம். அந்த இடைக்காலத்தில் அடையாள அட்டையில் எந்த முகவரி இருக்க வேண்டும்?

1990ஆம் ஆண்டின் தேசியப் பதிவு விதிமுறைகளின்படி, வசிப்பிடத்தை நிரந்தரமாக மாற்றியவர் 30 நாளுக்குள் தேசியப் பதிவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ‘நிரந்தரமாக’ என்ற சொல்லே இங்கு முக்கியம். இரண்டு மாதத் தங்கலுக்காக மைகார்டு முகவரியை மாற்ற வேண்டியதில்லை. ஆனால், கட்டி முடியாத வீட்டுக்காகக் காத்திருந்தே இரண்டு ஆண்டு ஓடிவிட்டால், அதை விருந்தாளியாகத் தங்குவது என்று சொல்ல முடியுமா? அப்போது உறவினர் வீட்டு முகவரியைப் பதிந்துகொள்வதே முறை.

கடிதங்கள் அதுவரை காத்திருக்கமாட்டா. பள்ளிக்கும் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் தற்காலிக அஞ்சல் முகவரியைத் தனித்தனியே தெரிவிக்க வேண்டும். மைகார்டில் மாற்றினால் எல்லா இடத்திலும் தானாக மாறிவிடும் எனச் சிலர் நினைக்கின்றனர், அப்படி மாறாது. முகவரியில் வீட்டுக்காரரின் பெயரையும் சேர்த்தால் தபால்காரர் குழம்பமாட்டார். அஞ்சல் குறியீட்டையும் கவனிக்க வேண்டும்: பீடோங்கிற்கு 08100, சுங்கைப்பட்டாணிக்கு 08000.

வாக்குரிமையும் இதில் அடங்கியுள்ளது. 2021 டிசம்பர் 15 முதல், 18 வயதை எட்டிய குடிமக்கள் தாமாகவே வாக்காளராகப் பதிவுபெறுகின்றனர். அவர்களின் தொகுதியை முடிவுசெய்வது மைகார்டு முகவரியே. 15ஆவது பொதுத்தேர்தலின் வாக்களிப்பு நாள் 2022 நவம்பர் 19. வேட்பாளர் ஒருவர் காலமானதால், கெடாவின் பாடாங் செராய் தொகுதியில் அது டிசம்பர் 7க்குத் தள்ளிப்போனது. அத்தொகுதியின் தோட்ட முகவரியை மாற்றாமல் வேறு ஊரில் வாழ்பவர், அந்நாளில் பழைய ஊருக்குத்தான் சென்றிருக்க வேண்டும். ஏற்கெனவே வாக்காளராக உள்ளவர், மைகார்டில் மாற்றிய பின் தேர்தல் ஆணையத்திடமும் விண்ணப்பிக்க வேண்டும்.

12 வயதில் மைகார்டு பெற்ற உங்களுக்கும் இது பொருந்தும். அப்பாவின் அட்டையில் புதிய தாமான் முகவரியும் பிள்ளையின் அட்டையில் பழைய தோட்ட முகவரியும் இருக்கும் வீடுகள் உண்டு. பதிவுத் துறைக்குப் புறப்படுமுன் வீட்டிலுள்ள எல்லாருடைய அட்டைகளையும் மேசைமேல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.