மன அழுத்தப் படிவம்: உங்கள் மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்?

கோவையில் ஏதோ ஒரு கல்லூரியில் படிக்கிறீர்கள். வகுப்பில் ஒரு படிவம் தருகிறார்கள். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' முதல் 'மிக அடிக்கடி' வரை ஐந்து விடைகள். கூட்டினால் 0 முதல் 40 வரை ஒரு எண் வரும். உலகெங்கும் பரவலாகப் பயன்படும் இந்த அளவுகோலை ஷெல்டன் கோஹனும் வேறு இருவரும் 1983-ல் அமெரிக்காவில் 14 கேள்விகளுடன் வெளியிட்டார்கள். பத்துக் கேள்வி வடிவம் 1988-ல் வந்தது.

தமிழில் எழுதிக் கொடுத்தால் போதாதா?

போதாது. முக்கியமான விஷயங்கள் உங்கள் கையில் இல்லை என்று தோன்றியதா என்று ஒரு கேள்வி வரும். எந்தப் பாடம் எடுப்பது என்று அப்பாவும் மாமாவும் சேர்ந்து முடிவுசெய்த பொள்ளாச்சி மாணவி 'அடிக்கடி' என்று குறிக்கலாம். அது அவள் அழுத்தமா, வீட்டு வழக்கமா? எண்ணைப் பார்த்தால் தெரியாது.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

ஒருவர் தமிழாக்குவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். இரண்டும் எங்கே விலகுகின்றன என்று பார்ப்பார்கள். பிறகு சில மாணவர்களை உட்காரவைத்து, "இந்தக் கேள்வியில என்ன கேக்கறாங்கன்னு நினைக்கறீங்க?" என்று விசாரிக்க வேண்டும். பலர் அவசரத்தில் தாண்டிவிடும் படி இதுதான். என் பார்வையில் மிக முக்கியமானதும் இதுதான்.

அடுத்து ஏற்புடைமைச் சோதனை (அளக்க நினைத்ததைத்தான் படிவம் அளக்கிறதா என்று பார்ப்பது). கடைத் தராசுக்கு முத்திரை வைப்பது போன்ற வேலை. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் வேறொரு படிவமான, 12 கேள்விகள் கொண்ட பொது உடல்நல வினாப்பட்டியலின் தமிழ் வடிவத்தை இப்படிச் சோதித்து 1999-ல் வெளியிட்டார்கள். படிவம் சொன்னதை, முறையான மனநல நேர்காணல் சொன்னதோடு ஒப்பிட்டார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது ஆரம்ப சுகாதாரச் சிகிச்சைக்கு வந்த நோயாளிகளை. விடுதி மாணவர்களுக்கும் அது பொருந்துமா என்பதைத் தனியே சோதிக்கத்தான் வேண்டும்.

எனக்கு 28 வந்துவிட்டது. எனக்கு நோயா?

எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இந்தப் பத்துக் கேள்விப் படிவம் நோயைக் கண்டறியும் கருவி அல்ல. 'இதற்கு மேல் ஆபத்து' என்று கோஹன் எந்த எல்லையும் வகுக்கவில்லை. இணையத்தில் சுற்றும் 'குறைவு, நடுத்தரம், அதிகம்' பட்டியலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கேள்விகள் கடந்த ஒரு மாதத்தைப் பற்றியவை. செமஸ்டர் தேர்வும் அரியரும் சேர்ந்து வந்த மாதத்தில் எண் ஏறுவது இயல்பு. இன்னொன்று: பத்தில் நான்கு கேள்விகள் நல்ல அனுபவத்தைக் கேட்பவை. அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். நீங்களே கூட்டினால் இங்கேதான் தவறு வரும்.

படிவத்தைத் தருபவரிடம் என்ன கேட்கலாம்?

தயங்காமல் கேளுங்கள். இந்தத் தமிழ் வடிவம் யாரிடம் சோதிக்கப்பட்டது? என் பெயரும் பதிவெண்ணும் எதற்கு? விடைகளை யார் பார்ப்பார்கள்? ஆய்வுக்கான படிவம் என்றால் நிரப்ப மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

எண் குறைவாக வந்தும் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாழவே பிடிக்காமல் இருந்தால் எண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.