பழைய குட்டி யானை வாங்கப் போறீங்களா?

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 'ரெண்டரை ஏக்கர்ல தக்காளியும் முருங்கையும் போட்டிருக்கோம். மார்க்கெட்டுக்குக் கொண்டுபோற வாடகையிலயே லாபம் போயிடுது. 2012 மாடல் குட்டி யானை ஒண்ணு ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு வருது. பையன் ஓட்டுவான். நகையை அடகு வெச்சு வாங்கலாமா?'

வண்டியைப் பார்க்காமல் 'வாங்குங்க' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்ல முடியாது. ஆனால், இதே மாதிரி ஒரு வண்டியை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்லலாம். எனக்கு விற்ற புரோக்கர், 'அண்ணே, ஒரு ரூபா செலவு இல்ல' என்றார். மூன்றே மாதத்தில் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதாயிற்று. காரணம் எளிது. நான் போய்ச் சேருவதற்கு முன்பே வண்டியை ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தார். அது எனக்கு உறைக்கவில்லை.

அதனால், காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போங்கள். கூடவே உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். விற்பவர் காட்டுகிற மெக்கானிக் வேண்டாம். முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சில்லென்று இருக்கும்போது ஒரே சாவியில் பிடிக்கிறதா என்பதுதான் பாதிப் பரிசோதனை. பழைய டாடா ஏஸில் இருப்பது 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். நின்ற இடத்தில் குலுங்கத்தான் செய்யும், அதற்குப் பயப்பட வேண்டாம். புகையைத்தான் கவனிக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கொஞ்சம் கறுப்பாக வந்தால் ஏர் ஃபில்டர், நாசில் வேலையாக இருக்கலாம். நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. அடுத்து, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை குப்குப்பென்று அடித்தால் ரிங், பிஸ்டன் தேய்ந்துவிட்டது என்று பொருள். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூடாவதற்கு முன்பே திறந்து பார்த்துவிடுங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

இன்ஜினைக்கூடச் சரிசெய்யலாம். சேஸிஸ் போனால் வண்டியே போச்சு. இதற்கு முன் என்ன லோடு ஏற்றினார்கள் என்று கேளுங்கள். மீன், உப்பு, உரம், கோழி எரு ஏற்றிய வண்டி உள்ளுக்குள் அரித்திருக்கும். வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் நல்ல இரும்பு. 'பொத்'தென்றால் துரு. சேஸிஸ் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட்டில் பளபளத்தால் சந்தேகப்படுங்கள், வெல்டிங்கை மறைக்க அடித்ததாக இருக்கலாம். சேஸிஸ் எண்ணைக் கையால் தடவி, ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டயர், பேட்டரி, பின்பட்டை உடைசல், கிளட்ச் தேய்மானம் இதெல்லாம் பேரம் பேச வேண்டிய பழுதுகள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் பழைய டயர் வெயிலில் வெடிக்கும். முன் டயர் ஒரு ஓரமாக மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டோ, அடிபட்ட கதையோ இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக் சொல்லும் செலவைத் தாளில் எழுதிக் கூட்டி, அதை விலையில் கழித்துக் கேளுங்கள்.

வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த மாடலில் முக்கால் டன் வரைதான் ஏற்றலாம். 15 கிலோ பெட்டியென்றால் 50 பெட்டி. அந்த எடையை ஏற்றி ஒரு மேட்டில் ஏறச் சொல்லுங்கள். இன்ஜின் அலறியும் வண்டி நகரவில்லையென்றால் கிளட்ச். பின்னாலிருந்து 'ஊ...' என்று சத்தம் வந்தால் கிரவுன் பினியன்.

இனி காகிதம். வண்டி எண்ணைப் பரிவாஹன் தளத்தில் போட்டால் எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எதுவரை என்று தெரியும். அபராத பாக்கியையும் பார்த்துவிடுங்கள். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். எஃப்.சி. காலாவதியான வண்டியென்றால், அதை எடுத்துக்கொடுத்த பிறகுதான் பாக்கிப் பணம் என்று பேசுங்கள். 3,000 கிலோ மொத்த எடைக்குள் இருப்பதால் பெர்மிட் தேவையில்லை. உங்கள் மகனுக்கு எல்.எம்.வி. லைசென்ஸ் போதும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும், 30 நாளுக்குள் ஆர்.சி.யையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கிறதா என்பது. இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும், கம்பெனி கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வர வேண்டும். 'அடுத்த வாரம் வாங்கித் தர்றேன்' என்பதை நம்பினால், தவணை பாக்கிக்காக வண்டியை உங்கள் களத்திலிருந்தே இழுத்துப் போவார்கள்.

உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே அம்மா. ஆர்.சி.யைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அதுவரை நகை பீரோவிலேயே இருக்கட்டும்.