குடியை விடச் சொல்லிச் சண்டை பிடிக்காமல் பேசுவது எப்படி?

சொந்தக் காணிக்குத் திரும்பி வந்துவிட்டீர்கள். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, வீட்டுத்திட்டத்தின் முதல் தவணைப் பணத்தில் அத்திவாரமும் போட்டாயிற்று. ஆனால் அடுத்த தவணை சீமெந்துக்குப் போகுமா, கசிப்புக்குப் போகுமா என்ற பயம் சில வீடுகளில் இருக்கிறது. முகாமில் வேலையின்றி இருந்த நாட்களில் பழகிய குடி, ஊருக்கும் கூடவே வந்துவிடுகிறது.

குடிக்கு அடிமையாதல் சிகிச்சை உள்ள ஒரு நோய். அரசாங்க வைத்தியசாலைகளில் அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஆனால் அவரை அங்கே போகவைப்பதுதான் பெரும்பாடு. ஒருநாள் போனவர் மறுமுறை போகாமல் விடுவதும் உண்டு. இதற்கு நாங்கள் பேசும் விதமும் ஒரு காரணம்.

வழக்கமாக நடப்பது இதுதான்:

"நேற்றும் குடிச்சிட்டு வந்தனீங்கள். வெட்கமில்லையே?"

"நாள் முழுக்கக் கல்லுத் தூக்கினவனுக்குத்தான் அந்த நோவு தெரியும். என்ர காசிலதானே குடிக்கிறன்!"

கவனியுங்கள். நீங்கள் ஏசியதும், குடிப்பதற்கான நியாயத்தை அவர் தேடிப்பிடித்துச் சொல்கிறார். மனிதர் தம் வாயால் சொல்வதையே கூடுதலாக நம்புவார்கள். அப்படியென்றால் குடியை விடுவதற்கான நியாயமும் அவருடைய வாயிலிருந்துதான் வரவேண்டும். இதை அடிப்படையாக வைத்து அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் ஒரு பேச்சுமுறையைப் பற்றி எழுதினார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991இல் அதை நூலாக்கினார். 'ஊக்கமூட்டும் நேர்காணல்' என்று இதைச் சொல்வார்கள். பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் செய்யும் வேலை இது. எனினும் இதில் ஒரு பகுதியை வீட்டிலும் கடைப்பிடிக்கலாம்.

அவர் வெறியில் இல்லாத காலைப்பொழுதைத் தெரிவுசெய்யுங்கள். பிள்ளைகள் அருகில் வேண்டாம்.

"இஞ்சருங்கோ, குடிச்சால் உங்களுக்கு என்ன சுகம் கிடைக்குது?"

"நித்திரை வரும். பழசு ஒண்டும் ஞாபகத்துக்கு வராது."

"நித்திரைக்காகத்தான் குடிக்கிறியள். விடிய எழும்பேக்க எப்பிடி இருக்கும்?"

"கை நடுங்கும். சின்னவள் என்னைக் கண்டு ஒதுங்கிறாள். அதுதான் பொறுக்கேலாமல் கிடக்கு."

"அவள் ஒதுங்கிறது உங்களுக்கு நோகுது."

இந்த இடத்தில் நிறுத்துங்கள். 'அப்ப விடுங்கோவன்' என்ற சொல் நாக்கு நுனிவரை வரும். அதைச் சொன்னால் அவர் பழையபடி வாதாடத் தொடங்குவார். பேசாமல் இருப்பது மிகக் கடினம், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த மௌனத்தில்தான் அவர் மேலும் யோசிப்பார்.

இன்னொரு கேள்வியும் உதவும். 'கிளினிக்குக்குப் போய்ப் பார்க்க 0 முதல் 10 வரை எவ்வளவு விருப்பம்?' என்று கேளுங்கள். அவர் 3 என்றால், 'ஏன் 3 மட்டும்?' என்று கேட்காதீர்கள். '0 எண்டு சொல்லாமல் ஏன் 3 எண்டனீங்கள்?' என்று கேளுங்கள். முதற் கேள்விக்குச் சாட்டு வரும். இரண்டாவதற்கு, தன்னிடம் உள்ள சிறு விருப்பத்துக்கான காரணம் வரும். அவர் சம்மதித்தால், கூடப் போவதற்கு யார், எந்த நாள் என்பதை அவரையே தீர்மானிக்க விடுங்கள்.

கிளினிக்கிலும் இதே போலத்தான் பேசுவார்கள். ஏசமாட்டார்கள். ஒரே நாளில் எல்லாம் மாறாது. சிகிச்சைக்கு இடையில் மீண்டும் குடித்துவிட்டாலும் அடுத்த தவணைக்குப் போகச் சொல்லுங்கள். 'குடிச்ச முகத்தோட எப்பிடிப் போறது' என்ற வெட்கத்திலேயே பலர் நின்றுவிடுகிறார்கள்.

மூன்று விடயங்களில் மிகக் கவனம் தேவை. நாளாந்தம் அதிகம் குடிப்பவர் வைத்திய ஆலோசனை இல்லாமல் திடீரென நிறுத்தக்கூடாது. முதல் 2, 3 நாட்களில் கடும் நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாததைக் காணுதல், மனக்குழப்பம் ஏற்படலாம். இது உயிரையும் பறிக்கலாம். இந்த அறிகுறிகள் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். குடியை நிறுத்தும் மருந்து என்று விற்கப்படுவதை அவருக்குத் தெரியாமல் சோற்றிலோ கறியிலோ கலக்கவேண்டாம். அதன்மேல் அவர் குடித்தால் ஆபத்து. தெரியவந்தால் உங்கள் மீதுள்ள நம்பிக்கையும் போய்விடும். அவர் அடிப்பவராக இருந்தால் இந்தப் பேச்சை நீங்கள் தனியாகத் தொடங்கவேண்டாம். முதலில் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்தில் இருக்கவேண்டும். பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரை அல்லது பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவை நாடுங்கள்.

அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் உளநலக் கிளினிக் நடைபெறும் நாளை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துடனும் பேசலாம். அவர் இன்னும் சம்மதிக்காவிட்டாலும், ஆலோசனை பெற நீங்கள் மட்டும் போகலாம்.