லேசர் ஒளியால் பல் வைத்தியம்: கேட்டறிந்து கதிரையில் அமர்வோம்

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பார்கள் நம் முன்னோர். சொந்த ஊரையும் வயலையும் விட்டு வந்து, உறவினர் வீட்டிலும் தற்காலிகக் கொட்டிலிலும் வாழும் குடும்பங்களுக்குப் பல்வலி இன்னொரு சுமை. கராம்பை வைத்து அமத்திக்கொண்டு கூலி வேலைக்காக வட்டைக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். வலி பொறுக்க முடியாமற் போனபின்னரே வைத்தியரை நாடுகிறோம். அந்த நேரத்தில் "லேசர் சிகிச்சை, வலியில்லை, இரத்தமில்லை" என்ற சொற்கள் காதில் விழுந்தால் மனம் அங்கே போவது இயல்பு.

லேசர் நல்ல கருவிதான். ஆனால், பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்கும் கையில் இருக்கும்போது மட்டுமே அது நல்ல கருவி. அந்த விதிகளை நோயாளியும் தெரிந்திருக்க வேண்டும்.

லேசர் என்றால் என்ன?

பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்து வைக்கோலைப் பற்றவைக்கும் விளையாட்டை நம் பிள்ளைகள் அறிவார்கள். ஒளியை ஒடுக்கினால் அது சூடாக மாறும். லேசர் கருவி ஒரே வகை ஒளியைச் சிதறவிடாமல் ஒரே திசையில் செலுத்துகிறது. அதனால் மிகச் சிறிய இடத்தில் பெரும் சூடு உண்டாகிறது.

1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தியடோர் மைமன் என்ற விஞ்ஞானி முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். 1965இல் லியோன் கோல்ட்மன் என்ற தோல் வைத்தியர், பல் வைத்தியரான தம் சகோதரரின் பல்லிலேயே இந்த ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். சகோதரருக்கு வலி தெரியவில்லை. லேசரின் ஆபத்துகளைப் பற்றி ஆரம்பத்திலேயே எச்சரித்தவர்களில் கோல்ட்மனும் ஒருவர் என்பது நாம் கவனிக்க வேண்டிய விடயம்.

அந்த முதற் கருவிகள் பல்லை அளவுக்கு மீறிச் சூடாக்கின. பல்லின் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள மென்மையான கூழ் இருக்கிறது. குரங்குகளின் பற்களைச் சூடாக்கிச் செய்த ஓர் ஆய்வு 1965இல் வெளியானது. உட்கூழின் வெப்பம் 5.5 பாகை செல்சியஸ் கூடியபோதே சில பற்கள் உள்ளே இறந்துபோவதை அது காட்டியது. ஆகவே பல் வைத்தியத்துக்கு ஏற்ற லேசர் வருவதற்குக் காலம் எடுத்தது. அமெரிக்க அரசு 1990இல் முரசுச் சிகிச்சைக்கும், 1997இல் நீரைத் தெளித்துக் குளிரச் செய்தபடி பல்லைச் செதுக்கும் லேசருக்கும் அனுமதி வழங்கியது.

கண்ணைக் காப்பதே முதல் விதி

வாயில் வேலை நடக்கும்போது கண்ணுக்கு என்ன ஆபத்து என்று கேட்கலாம். பல் வைத்தியர் பயன்படுத்தும் கண்ணாடியும் உருக்குக் கருவிகளும் ஒளியைத் தெறிக்க வைக்கின்றன. சிறுவர்கள் விளையாடும் சிவப்பு ஒளிப் பேனாவைவிடப் பல் வைத்திய லேசர் ஆயிரம் மடங்கு வரை வலுவானது. அதன் ஒளி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. நாம் காணும் சிவப்புப் புள்ளி, கருவி எங்கே குறிபார்க்கிறது என்று காட்டும் வழிகாட்டி ஒளி மட்டுமே.

முரசுக்குப் பாவிக்கும் சிலவகை லேசர் ஒளி கண்ணுக்குள் ஊடுருவி விழித்திரையைச் சுடும். விழித்திரைக்கு வலி தெரியாது. ஆகவே காயம் பட்டதே உடனே தெரியாமற் போகலாம். பட்ட காயம் முழுமையாக ஆறாமலும் போகலாம். பல்லைச் செதுக்கும் லேசரின் ஒளி கண்ணின் முன்பக்கத்தைச் சுடும்.

இதற்காகத்தான் பாதுகாப்புக் கண்ணாடி. வைத்தியர், உதவியாளர், நோயாளி, பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய் ஆகிய எல்லோரும் அதை அணிய வேண்டும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி உதவாது. ஒவ்வொரு லேசருக்கும் ஓர் அலைநீள எண் உண்டு: 810, 980, 1064, 2940 நனோமீற்றர் என்றவாறு. கருவியில் உள்ள எண்ணைக் கண்ணாடியில் எழுதியுள்ள எண் உள்ளடக்க வேண்டும். ஒரு வகைக்குச் செய்த கண்ணாடி மற்ற வகையைத் தடுக்காது.

பல் அடைப்பை இறுக்கப் பாவிக்கும் நீல விளக்கு லேசர் அல்ல. ஆனாலும் அதையும் நேரே பார்க்கக் கூடாது.

புகை, தீ, கிருமி

லேசர் சதையைச் சுடும்போது புகை எழும்பும். மருக்களை லேசரால் சுட்டபோது எழுந்த புகையில் வைரஸின் கூறுகள் இருந்ததை 1988இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆகவே வலுவான உறிஞ்சு குழாயை வாயருகே பிடிக்க வேண்டும். வைத்தியரும் உதவியாளரும் முகக்கவசம் அணிய வேண்டும். எளிதில் தீப்பற்றும் மதுசாரத் திரவங்களும் ஒட்சிசனும் அருகில் இருக்கக் கூடாது. வாயிற் படும் லேசர் முனை ஒருமுறை பாவித்து வீசுவதாகவோ, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கியதாகவோ இருக்க வேண்டும். பழைய வெள்ளி நிற அடைப்பை லேசரால் அகற்றக் கூடாது. அதில் உள்ள பாதரசம் ஆவியாகும்.

வெள்ளைப் படையை எரித்து மறைக்கக் கூடாது

நம் பகுதியில் வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் வழக்கம் அதிகம். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்பதை 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதிப்படுத்தியது. வாயினுள் வெள்ளை அல்லது சிவப்புப் படை, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய் திறக்கச் சிரமம் ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். அப்படையில் சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பரிசோதிக்கும் முன்னர் லேசரால் எரித்துவிட்டால், மேலே ஆறியதுபோல் தோன்றும். அடியில் நோய் இருந்தால் அது தெரியாமலே வளரும். "முதலில் சோதனைக்கு எடுத்தீர்களா?" என்று நாம் கட்டாயம் கேட்க வேண்டும்.

கதிரையில் அமருமுன் கேட்க வேண்டியவை

1. வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்தவரா? லேசரில் பயிற்சி பெற்றவரா?
2. எனக்கும் என் பிள்ளைக்கும் எந்தக் கண்ணாடி? அதன் எண் கருவியின் எண்ணோடு பொருந்துகிறதா?
3. வாசலில் லேசர் எச்சரிக்கைப் பலகை உண்டா? வேலை நடக்கும்போது கதவு மூடியிருக்குமா?
4. லேசர் முனை கிருமி நீக்கப்பட்டதா?
5. லேசர் இல்லாமலே இந்தச் சிகிச்சையைச் செய்ய முடியாதா? செலவு எவ்வளவு?

கடைசிக் கேள்வி முக்கியமானது. பல் பிடுங்கவோ, சூத்தைப் பல்லை அடைக்கவோ, பல் ஊத்தை நீக்கவோ பெரும்பாலும் லேசர் தேவையில்லை. சம்மாந்துறை, கல்முனை போன்ற ஊர்களின் அரசாங்க வைத்தியசாலைகளில் பல் வைத்தியம் இலவசமாகக் கிடைக்கிறது. லேசருக்காக நகையை அடகு வைக்கவோ, அறுவடைக்கு முன்னரே கடன்படவோ வேண்டியதில்லை.

சிகிச்சையின்போது கண்ணில் ஒளி பட்டதாகச் சந்தேகம் வந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே கண் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இடம்பெயர்ந்த நாளிலிருந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் வரிசையில் நிற்கப் பழகிவிட்டோம். கேள்வி கேட்டால் கோபிப்பார்களோ என்ற அச்சமும் நமக்குள் உண்டு. பொறுப்பான வைத்தியர் இக்கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். கருவியையும் கண்ணாடியையும் எடுத்துக் காட்டி விளக்குவார். விளக்க மறுக்கும் இடத்தில் கதிரையை விட்டு எழுந்து வர நமக்கு உரிமை உண்டு. இந்த ஐந்து கேள்விகளையும் வீட்டில் பெரியோருக்கும், மாதர் சங்கக் கூட்டத்திலும் வாசித்துக் காட்டுவோம்.